புறங்கையை வைத்துப் பார்த்தீர்களா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரின் பதில்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் படுக்கைப்புண் பற்றி எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. முக்கால்வாசி, போனில் படம் அனுப்பித் தோலுக்கும் புண்ணுக்கும் வைத்தியம் பார்ப்பதைப் பற்றித்தான். நர்ஸ்களும் எழுதியிருக்கிறார்கள், வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். நான் 33 வருடம் வார்டில் கட்டு மாற்றியவள். இப்போது கோபியில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி, வீடு வீடாகப் போய் வரும் 7 செவிலியர்களுக்கு போனில் யோசனை சொல்கிறேன். எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒரு மருத்துவமனையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். நாளைக்கு 8 வீடு. கட்டைப் பிரித்துப் படம் எடுத்து ஆப்பில் ஏற்றுகிறேன். டாக்டர் கோவையில் இருந்தபடி இரண்டு வரி எழுதுகிறார். அதன்படி கட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறேன். படித்தது பி.எஸ்சி. நர்சிங். ஆனால் போகிற வீடுகளில் "போட்டோ எடுக்கிற பொண்ணு வந்திருச்சு" என்கிறார்கள். என் வேலை இவ்வளவுதானா சிஸ்டர்?
– பெயர் வேண்டாம், பெருந்துறை

கண்ணு, அந்த "போட்டோ எடுக்கிற பொண்ணு" என்பதைப் படித்ததும் எனக்கே சுருக்கென்று இருந்தது. பதில் சொல்லுமுன் என் கதை ஒன்றைக் கேள்.

2021, ஊரடங்குச் சமயம். கீழ்பவானி வாய்க்கால் ஓரமாக ஒரு தோட்டத்துச் சாளை வீடு. பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவர், 78 வயது. ஆயுசு முழுக்க வெயிலில் நின்று பண்ணையம் பார்த்த கறுத்த மேனி. போக்குவரத்து இல்லாததால் மகன் தினமும் அப்பாவின் இடுப்புப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். தெளிவான படங்கள்தான். நானும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சிவப்பு எதுவும் இல்லைங்க, புரட்டிப் புரட்டிப் படுக்க வையுங்க" என்று பதில் போடுவேன். மூன்று நாள் இப்படியே போயிற்று.

நாலாம் நாள் அனுமதி வாங்கி நேரில் போனேன். பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வால் எலும்புக்கு மேலே புறங்கையை வைத்தேன். வைத்ததுமே வயிற்றைப் பிசைந்தது. சுற்றியுள்ள தோல் சாதாரணமாக இருக்க, அந்த உள்ளங்கை அகல இடம் மட்டும் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சட்டி மாதிரி கணகணவென்று இருந்தது. விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே கொய்யாக்காய் போலக் கெட்டி. பெரியவர் முகத்தைச் சுளித்தார். ஒரு வாரத்தில் அந்த இடம் கன்னிப்போய், தோல் உரிந்து, குழி விழுந்துவிட்டது. ஆறுவதற்கு 4 மாதம் ஆயிற்று.

கறுத்த தோலில் முதல் நிலைப் படுக்கைப்புண் சிவப்பாகத் தெரியாது. சூடு, கெட்டி, வலி, பக்கத்துத் தோலைவிட லேசான நிற மாற்றம், இவைதான் அடையாளம் என்று எத்தனையோ மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். படம் கைக்கு வந்ததும் அதை மறந்துபோனேன். "புறங்கையை வைத்துப் பார்த்தீர்களா?" என்று அந்த மகனிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்று நாள் முன்பே தெரிந்திருக்கும். அந்தக் குறை இன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை. என்னிடம் பேசும் ஏழு பேரிடமும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காலை ரவுண்ட்ஸ் வருமுன் கட்டுகளையெல்லாம் பிரித்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்போம். டாக்டர் வருவார், குனிவார், முகர்வார், அழுத்திப் பார்ப்பார், மருந்தைச் சொல்லிவிட்டுப் போவார். "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இன்று அந்த டாக்டருக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கண்ணாடித் திரை மட்டும்தான் இருக்கிறது. முகர முடியாது, தொட முடியாது. நேற்றைய கட்டுத்துணியில் எவ்வளவு நீர் ஊறியிருந்தது, புண்ணின் விளிம்புக்கு அடியில் பை மாதிரி உள்ளே ஓடுகிறதா, பாதத்தில் நாடி துடிக்கிறதா, எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீதான். முன்பு அவர் செய்த பாதிப் பரிசோதனை இப்போது உன் கையில் இருக்கிறது. ஆனால் அதை நீ எழுதினால்தான் அது இருப்பதே தெரியும்.

"குதிகால் புண், படம் இணைப்பு" என்று அனுப்பினால் நீ படம் எடுப்பவள்தான். இப்படி எழுதிப் பார்: "வலது குதிகால். நீளம் 3, அகலம் 2, ஆழம் அரை சென்டிமீட்டர். தலைப்பக்கத்தை 12 மணியாக வைத்தால் 9 மணித் திசையில் 1 சென்டிமீட்டர் உள்ளே பை ஓடுகிறது. நேற்றைய காஸ் துணி முக்கால்வாசி நனைந்திருந்தது. திங்கட்கிழமை இல்லாத வாடை இன்று இருக்கிறது. சுற்றிலும் சூடு. சர்க்கரை காலையில் 240. இன்று கட்டும் விதத்தை மாற்ற வேண்டும், டாக்டர் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே. "நினைக்கிறேன்" என்று எழுத உனக்கு உரிமை உண்டு. அதற்குத்தான் நான்கு வருடம் படித்தாய். தினமும் இப்படி எழுதினால் இரண்டு வரி எழுதும் டாக்டரும் உன்னிடம் திரும்பக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலில், நோயாளியின் பக்கத்தில் இருந்து டாக்டரோடு இணைக்கும் சுகாதாரப் பணியாளர்கள் யார் என்று சொல்லும் இடத்தில் செவிலியரைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். உன் இடம் காகிதத்தில் இருக்கிறது. இல்லாமல் போனது நேரம். படம் எடுப்பது ஒரு நிமிட வேலை என்று கணக்குப் போட்டு 8 வீட்டை 10 வீடாக ஏற்றுகிறார்கள். தொட்டு, அளந்து, முகர்ந்து, எழுத ஒரு வீட்டுக்கு அரைமணி வேண்டும். இதை நீ தனியாகக் கேட்டால் "வேலை செய்ய மனசில்லை" என்பார்கள். உன் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ அத்தனை பேரும் ஒரு வாரம் மணி பார்த்துக் குறித்து, அந்தக் காகிதத்தோடு போய்க் கேளுங்கள்.

கேள்வி: என் மாமியார் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். முதுகுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு புண். சிஸ்டர் வாரம் ஒரு நாள் வருகிறார், மற்ற நாள் வீடியோவில் பார்க்கிறார். "படம் சரியில்லை" என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறார். எப்படித்தான் எடுப்பது?
– காங்கேயம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மருமகள்

எட்டு மாதம் வைத்துப் பார்க்கிறீர்கள் அம்மிணி. அதன் சிரமம் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். படம் எடுக்குமுன் புண்ணில் என்ன போட்டிருந்தீர்கள்? நம்ம பக்கத்தில் மஞ்சள் இல்லாத வீடு கிடையாது. கோபிசெட்டிபாளையத்திலேயே ஒரு வீட்டில் நடந்தது: புண் முழுக்க மஞ்சள் நிறமாகப் படம் வந்தது. சீழ் கட்டிச் செத்த சதை படிந்துவிட்டது என்று டாக்டர் பயந்துபோய் உடனே அழைத்து வரச் சொன்னார். காரில் ஏற்றும்போது அந்த வீட்டு அம்முச்சி, "காத்தால நான்தான் மஞ்சப்பொடி வெச்சேன்" என்றார். மஞ்சள், காபித்தூள், பற்பசை, தேங்காய் எண்ணெய் எது போட்டாலும் படத்தில் புண் தன் நிறத்தைக் காட்டாது. திறந்த புண்ணில் அவை எதுவும் வேண்டாம்.

கழுவிவிட்டு எடுங்கள். அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஒரு டீஸ்பூன் உப்பைத் தலைதட்டிப் போட்டு, மூடி வைத்து ஆறவிட்டால் உப்புத்தண்ணீர் தயார். அன்றைக்கன்று செய்து கொள்ளுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கழுவி, சுத்தமான காஸால் ஒற்றிவிட்டு எடுக்க வேண்டும்.

ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், ஈரமான புண்ணில் பட்டு வெள்ளை வெள்ளையாகத் தெறிக்கும். முதல் படம் ஒரு முழம் தள்ளி, உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி. இரண்டாவது கிட்டத்தில், போனைப் புண்ணுக்கு நேராகப் பிடித்து. சாய்த்துப் பிடித்தால் அளவு மாறிவிடும். புண்ணில் படாமல் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு வையுங்கள். அதில் தேதி எழுதி, பையனின் ஸ்கேலை வைத்து சென்டிமீட்டர் கோடு போட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் மற்ற நிறங்கள் நிஜமா என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மாமியார் ஒரே பக்கமாகப் படுத்திருக்கட்டும். இடது பக்கம் ஒருக்களித்தால் புண் ஒரு வடிவம், வலது பக்கம் என்றால் வேறு வடிவம். "ஆறிவிட்டது" என்று ஏமாந்து போவோம்.

படத்தோடு குரலில் நான்கு விஷயம் சொல்லி அனுப்புங்கள்: வாடை உண்டா, பழைய கட்டு எவ்வளவு நனைந்திருந்தது, சுற்றிலும் புறங்கை வைத்தால் சூடா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா. இது போதும், உங்கள் சிஸ்டர் இனித் திருப்பி அனுப்பமாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புண்ணின் ஓரத்திலோ சிவந்த இடத்திலோ பவுடர் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை அடியில் வைக்காதீர்கள். அது சுற்றியுள்ள இடத்தில் ரத்த ஓட்டத்தை நெருக்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். நேர் பக்கவாட்டில் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கொஞ்சம் சாய்வாக. கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும். இரவில் புரட்டுவதற்கு உங்கள் வீட்டுக்காரரை எழுப்புங்கள். அது அவர் அம்மாவும் கூட.

கேள்வி: வீட்டுக்கு வரும் நர்ஸ் என் அம்மாவின் பின்புறப் புண்ணைத் தன் சொந்த போனில் படம் எடுத்தார். அம்மா அன்று இரவெல்லாம் அழுதார். ஏன் எடுத்தீர்கள் என்று நர்ஸிடம் நான் கேட்டது தவறா?
– திருச்செங்கோடு வாசகி

தவறே இல்லை. மனசாரச் சொல்கிறேன், அந்த நர்ஸ் முதலில் உங்கள் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். உங்களிடம் கேட்டால் கூடப் போதாது. நோயாளி தானாக டாக்டரை அழைத்தால் சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் செவிலியரோ வீட்டாரோ தொடங்கி வைத்தால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்று நான் மேலே சொன்ன வழிகாட்டுதலே சொல்கிறது. என்னிடம் யோசனை கேட்கும் ஏழு செவிலியப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இது: "எங்கே படம் எடுக்கப்போகிறேன், யார் பார்ப்பார்கள்" என்று சொல்; புண் மட்டும் தெரியும்படி மற்ற இடமெல்லாம் துணியால் மூடு; முகம் வேண்டாம்; எடுத்த படத்தை நோயாளியிடமே காட்டு; ஆப்பில் ஏற்றியதும் அவர் கண்முன்னே போனிலிருந்து அழித்துவிடு. தன் முதுகைத் தானே பார்த்திராத எத்தனையோ பேர் படத்தைப் பார்த்த பிறகுதான் "ஓ, இதுக்குத்தான் புரட்டச் சொல்றீங்களா" என்று ஒத்துழைத்திருக்கிறார்கள். அந்த நர்ஸிடம் சண்டை போடாமல் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் அவருடைய மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை. தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் கொடுத்த டியூப் போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, விட்டால் இரண்டு மடங்காக வருகிறது. எங்கள் காம்பவுண்டில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "வேற டியூப் சொல்லுங்கக்கா" என்றால் சொல்ல மாட்டேன் என்கிறார். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது நியாயமா?
– திருப்பூர் வாசகர்

அந்த அக்கா உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார் தம்பி. மருந்து எழுதுவது பதிவு பெற்ற மருத்துவரின் பொறுப்பு. போன் வந்துவிட்டதால் அது மாறிவிடவில்லை. அதோடு, உங்கள் டியூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் சொல்கிற மாதிரி அடங்கி, விட்டதும் பெருகுவது அதன் வழக்கம். அரிப்பையும் சிவப்பையும் அது அமுக்கிவிடும், படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை அடியில் நிம்மதியாக வளரும். கொஞ்ச நாளில் வட்டம் வட்டமாக இருக்கும் அடையாளமே கலைந்துபோய், படத்தைப் பார்க்கும் டாக்டருக்கும் இது படர்தாமரைதானா என்று சந்தேகம் வந்துவிடும். தோல் மருத்துவர்கள் பல வருடம் போராடிய பிறகு, 2018ல் இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகள் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் வந்தன. ஆனாலும் கிடைக்கிறது.

அந்த அக்காவிடம் மருந்துப் பெயர் கேட்காதீர்கள். தோல் டாக்டரிடம் வீடியோவில் பேசும்போது பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். அக்கா கேட்கும் கேள்விகளில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். இதுவரை எத்தனை டியூப் போட்டீர்கள், பெயர் என்ன (காலி டியூபைத் தூக்கிப் போடாமல் காட்டுங்கள்), சர்க்கரை இருக்கிறதா, அரிப்பு ராத்திரியில் அதிகமா, அறையில் மற்றவர்களுக்கும் உண்டா? கடைசி இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் அது சிரங்காகவும் இருக்கலாம். அப்போது அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வைத்தியம் பண்ண வேண்டும். படத்தைப் பார்த்து மட்டும் இதைப் பிரிப்பது கஷ்டம். டாக்டர் சொன்ன மருந்தை, அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள்வரை போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். துண்டு, உள்ளாடை யாரோடும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மலைக் கிராமங்களுக்குப் போகும் சுகாதாரச் செவிலியர் நான். வீடியோ ஆலோசனை என்கிறார்கள், பாதி ஊரில் டவர் கிடையாது. தோலில் வெளிறிய படை இருந்த ஒரு பையனைப் படம் எடுத்து அனுப்பினேன், "தேமல் போலத் தெரிகிறது" என்று பதில் வந்தது. எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.
– தாளவாடி வட்டாரம்

உங்கள் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். படத்தில் தேமலும் தொழுநோய்ப் படையும் ஒன்று போலவே தெரியலாம். பையனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரியாக்கி முதலில் நல்ல தோலிலும் பிறகு படையின் மேலும் தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டட்டும். படையில் தொடும்போது காட்டவில்லை என்றால் விஷயம் வேறு. முழங்கையின் உட்பக்கம், எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பை இரண்டு கையிலும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் கயிறு மாதிரி தடித்திருக்கிறதா? இதை எந்த கேமராவும் செய்யாது. பார்த்ததை எழுதி மறுபடி அனுப்புங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் அழைத்துப் போங்கள். தொழுநோய் என்றே ஆனாலும் பயமில்லை. கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணம். தாமதித்தால்தான் விரல் மடங்கும்.

டவர் விஷயத்தில் நீங்கள் வீடியோவையே நம்பி நிற்க வேண்டியதில்லை. தோலுக்கு நேரடி வீடியோவைவிட, நிதானமாக எடுத்த நல்ல படமும் குறிப்பும் பல சமயம் மேல். ஊரில் இருக்கும்போதே எடுத்துக் குறித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிடுங்கள். 2019ல் தொடங்கிய, அரசின் இ-சஞ்சீவனி போன்ற தொலைமருத்துவச் சேவைகள் வந்ததால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவில் எத்தனையோ பேர் வீணாக இறங்கி ஏறாமல் இருக்கிறார்கள். அது பெரிய காரியம். ஆனால் யாரை இறக்கியே ஆக வேண்டும் என்று பிரிப்பது உங்கள் கண்ணும் கையும்தான். அந்தப் பையன் அப்படிப்பட்டவன்.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்து கோவையில் நர்சிங் சேர ஆசைப்படுகிறாள். "இனி புண்ணைப் போனே பார்த்துச் சொல்லிடும், நர்ஸ் எதுக்கு" என்று ஒரம்பரைகள் (சொந்தக்காரர்கள்) மனதைக் கலைக்கிறார்கள்.
– பொள்ளாச்சி, தென்னை விவசாயி

தாராளமாகச் சேருங்கள் ஐயா. புண்ணின் நீளம் அகலத்தை போன் இப்போதே நன்றாக அளக்கிறது. நான் காகித ஸ்கேல் வைத்து அளந்ததைவிடச் சரியாக. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தோல் நோயைக் கண்டுபிடிக்கும் இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் வெளுத்த தோல் படங்களைக் காட்டிப் பழக்கப்பட்டவை. நம்மைப் போன்ற கறுத்த தோலில் தடுமாறுகின்றன. உங்கள் மகள் போன்றவர்கள் நம் மக்களின் தோலை நல்ல படமும் சரியான குறிப்புமாகச் சேர்த்து வைத்தால்தான் அது திருந்தும்.

இந்தத் துறையில் நர்ஸ்களுக்கு இடம் எப்படி வந்தது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் மருத்துவமனையில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், குடலை வயிற்றுக்கு வெளியே திருப்பிவிடும் அறுவை சிகிச்சை செய்துவந்தார். அந்தத் துளையைச் சுற்றியுள்ள தோல் வெந்து புண்ணாகும். அதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியை, மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க 1958ல் வேலைக்கு வைத்தார். அந்த அம்மா நர்ஸ் கூடக் கிடையாது. தன் தோலைத் தானே கவனித்துக் கற்றுக்கொண்டவர். அந்த ஒரு வேலையிலிருந்து வளர்ந்ததுதான் புண், குடல்துளை, சிறுநீர்க் கசிவு மூன்றையும் கவனிக்கும் தனிச் செவிலியர் பிரிவு. படுக்கைப்புண் வரப்போகிறதா என்று முன்கூட்டியே கணிக்க உலகமெங்கும் பயன்படும் பிரேடன் அளவுகோலை 1987ல் வெளியிட்டவர்களும் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ரோம் என்ற இரண்டு செவிலியர்கள். உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயத்துக்கு மதிப்பெண்; மொத்தம் 6 முதல் 23 வரை; குறையக் குறைய ஆபத்து. என் ஏழு பிள்ளைகளும் போகிற வீடுகளில் இதைப் போட்டு எனக்கு எண்ணை மட்டும் அனுப்புவார்கள். 12 என்று வந்தால் நான் அன்றே வீடியோவில் பேசுவேன், 19 என்றால் சில நாள் பொறுப்பேன். தொலைவில் உட்கார்ந்து யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் இந்த வேலை என் காலத்து நர்ஸுக்கு இல்லை, உங்கள் மகளுக்கு உண்டு.

ஒன்று மட்டும் பாருங்கள். சேர்க்கும் கல்லூரியோடு சேர்ந்து நன்றாக நடக்கும் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்து மயங்க வேண்டாம். நூறு புண்ணையாவது கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் படத்தில் இருப்பது கண்ணுக்குப் பிடிபடும்.

கேள்வி: மாமனாருக்கு நெற்றியில் அக்கி. பக்கத்து ஊர்க் குயவரிடம் போய்க் காவி பூசி எழுதி வந்தோம். எரிச்சல் தாங்கவில்லை என்று சிஸ்டருக்குப் படம் அனுப்பினோம். காவியைத் தவிர எதுவும் தெரியவில்லை என்கிறார். மூக்கு நுனியிலும் இரண்டு கொப்புளம் வந்திருக்கிறது. என்ன செய்வது?
– பவானி

இந்தக் கேள்வி செய்தியாக வந்த அன்றே ஆசிரியர் குழுவிடம் எண் வாங்கி இவர்களை அழைத்துவிட்டேன், இதழ் வரும்வரை பொறுக்கிற விஷயம் இல்லை என்பதால். மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அக்கி நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்குள்ளும் போகலாம். கண் டாக்டர் அன்றே பார்க்க வேண்டும். அக்கிக் கிருமிக்கான மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அக்கி எழுதுவது நம் ஊர் வழக்கம், அதன் மேல் பெரியவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போனில் காட்டும் முன் சுத்தமான தண்ணீரில் காவியை மெல்ல ஒற்றி எடுத்துவிடுங்கள். அடியில் சீழ் பிடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். அந்த சிஸ்டர் "எதுவும் தெரியவில்லை" என்று சொன்னதோடு நிற்காமல் "கண் சிவந்திருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, மூக்கில் கொப்புளம் உண்டா" என்று கேட்டிருக்க வேண்டும்.

மாமனாரை அன்று சாயங்காலமே ஈரோட்டுக்கு அழைத்துப் போனார்கள். நேற்று அவரிடமே பேசினேன். மாத்திரை சாப்பிடுகிறார், கண்ணுக்குச் சொட்டு மருந்து போகிறது. பார்வையில் குறை ஒன்றும் இல்லையாம், எரிச்சல்தான் ராத்திரியில் தூங்கவிடவில்லை என்றார். அதற்கும் மருந்து உண்டு, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மறக்காமல் கேளுங்க என்று சொல்லியிருக்கிறேன்.